கரை பின்வாங்குவதைத் திட்டமிடுவது: ஆண்டைக் குறிப்பதா, தூரத்தைக் குறிப்பதா?

6 ஜனவரி 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

“கடல்மட்டம் உயர்வது உறுதி என்றால், கரையோரக் குடியிருப்புகளை எந்த ஆண்டுக்குள் காலி செய்ய வேண்டும் என்று இப்போதே அறிவித்துவிடுவதுதானே நேர்மை? சுவர் மேல் சுவராகக் கட்டிப் பணத்தைக் கடலில் கரைப்பதைவிட, 2050 அல்லது 2070 என்று ஒரு கெடுவைச் சொல்லிவிட்டால் மக்கள் தாங்களாகவே ஏற்பாடு செய்துகொள்வார்கள். இதில் என்ன தவறு?”

6 ஜனவரி, மாலை

இந்தக் கேள்வியில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஆண்டைக் குறித்து அறிவிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வேல்ஸின் ஃபேர்போர்ன் என்னும் கரையோரச் சிற்றூருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2013-இல் அப்பகுதியின் உள்ளாட்சி ஏற்றுக்கொண்ட கரையோர மேலாண்மைத் திட்டம், ஊரைக் காக்கும் தடுப்புக்கரைகளை இன்னும் சுமார் 40 ஆண்டுகளுக்கு மேல் பராமரிக்க இயலாது என்றது. 2054 என்ற ஆண்டு ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கடல் அந்த வீடுகளைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே அவற்றுக்கு வீட்டுக்கடன் கிடைப்பது அரிதானது, மதிப்பு சரிந்தது. விற்க முடியாத வீட்டில் இருப்பவர் எதைக் கொண்டு தாமாக ஏற்பாடு செய்துகொள்வார்? போக வேண்டிய இடமும் அதற்கான பணமும் முடிவாகாத நிலையில் ஆண்டு மட்டும் முடிவாகிவிட்டது. கடல் பல பத்தாண்டுகள் எடுத்துச் செய்திருக்கக்கூடிய சேதத்தை அந்த அறிவிப்பு சில ஆண்டுகளில் செய்து முடித்தது.

ஆண்டுக்குப் பதிலாகத் தூரத்தைக் குறிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கரையின் விளிம்புக்கும் கடைசி வீட்டுக்கும் இடையே எத்தனை மீட்டர் மிஞ்சும்போது எந்த வேலையைத் தொடங்குவது என்று முன்கூட்டியே எழுதி, எல்லோரும் காணும்படி வைக்க வேண்டும். கணக்கை நாளை எழுதுகிறேன்.

7 ஜனவரி

கணக்கு கடினமானது அல்ல. ஓர் ஊரை இடம் மாற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும், கடலிலிருந்து அல்ல. நிலம் தேடி, வாங்கி, வழக்குகள் முடிந்து, சாலையும் குடிநீரும் வந்து, வீடு எழும்பி, மக்கள் போய்ச் சேர 12 ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கரை ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் பின்வாங்கினால் அந்தக் காலத்தில் 24 மீட்டர் போய்விடும். அந்தக் கரையில் ஒரே புயல் அதிகபட்சமாக 15 மீட்டரை எடுத்துச் செல்லக்கூடும் என்றால் அதையும் கூட்ட வேண்டும். அளவீட்டுப் பிழைக்காக மேலும் 5 மீட்டர். ஆக, வீட்டுக்கும் விளிம்புக்கும் இடையே 44 மீட்டர் இருக்கும்போதே நிலம் வாங்கும் வேலை தொடங்கியாக வேண்டும். எண்கள் இங்கே எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. ஒவ்வொரு கரைக்கும் அவை வேறுபடும். ஆனால் பல ஊர்களில் விளிம்பு வாசலை நெருங்கிய பிறகே முதல் கூட்டம் கூட்டப்படுகிறது. அப்போது கையில் மிஞ்சுவது கல் கொட்டுவது ஒன்றுதான்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. தேம்ஸ் முகத்துவாரத்துக்காக 2012-இல் வெளியான ‘தேம்ஸ் முகத்துவாரம் 2100’ திட்டம் இதே அடிப்படையில் அமைந்தது. கடல்மட்டம், தடுப்புகளின் நிலை போன்ற அடையாளங்களைத் தொடர்ந்து கண்காணித்து, அவை குறிப்பிட்ட அளவைத் தொடும்போது அடுத்த படிக்குச் செல்வதே அதன் முறை. 2023-இல் அதைப் புதுப்பித்தபோது, ஆற்றின் மேற்பகுதித் தடுப்புகளை உயர்த்துவதற்கான காலத்தை 2065-இலிருந்து 2050-க்கு முன்கொணர்ந்தார்கள். காலத்தை மாற்றுவதற்கான வழி திட்டத்துக்குள்ளேயே இருந்ததால், அதைச் செய்யப் புதிதாக ஒரு சண்டை தேவைப்படவில்லை.

7 ஜனவரி, இரவு

மேலே ‘சராசரியாக 2 மீட்டர்’ என்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சராசரி என்பது தாளில் மட்டும் இருக்கும் ஒன்று. களிமண்ணால் ஆன செங்குத்துக் கரையில் பத்து ஆண்டுகள் ஒன்றும் நடக்காது; பிறகு ஒரே இரவில் ஒரு பெரிய துண்டு சரியும். சரிந்தது திரும்பி வராது. மணற்கரையின் இயல்பு வேறு. புயல் எடுத்துச் செல்லும் மணலில் பெரும்பங்கு கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் திட்டாகத் தங்கி, அமைதியான மாதங்களில் மெல்லத் திரும்புகிறது. இரண்டுக்கும் ஒரே விதியை எழுதினால், மணற்கரையில் தேவையற்ற பீதியும் செங்குத்துக் கரையில் ஆபத்தான நிம்மதியும்தான் மிஞ்சும்.

சட்டமும் இங்கே தடுமாறுகிறது. டெக்சஸில் 1959-ஆம் ஆண்டின் திறந்த கடற்கரைச் சட்டத்தின் கீழ், கரை பின்வாங்கும்போது பொதுமக்களின் கடற்கரை உரிமையும் சேர்ந்து உள்நோக்கி நகரும் என்றே நெடுங்காலம் நடைமுறை இருந்தது. 2012-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், மெல்ல நிகழும் அரிப்புக்கு அது பொருந்தினாலும், புயலால் கரை திடீரென நகர்ந்தால் அந்த உரிமை தானாக உடன் நகராது என்று தீர்ப்பளித்தது. ஆனால் கரைகளில் பல, திடீர்ப் பாய்ச்சல்களாகத்தான் பின்வாங்குகின்றன.

9 ஜனவரி

‘சுவர் கட்டினால் எல்லாப் பிரச்சினையும் தீருமே’ என்று கேட்டவருக்கு: சுவர் தனக்குப் பின்னால் உள்ள நிலத்தைக் காக்கிறது, முன்னால் உள்ள கடற்கரையை அல்ல. கரை உள்நோக்கி நகர இடமில்லாமல் சுவரில் முட்டி நிற்க, நீர் மட்டும் ஏறுவதால் மணல் பட்டை ஆண்டுதோறும் ஒடுங்குகிறது. சுவரின் அடியில் அலை குடைகிறது. சுவர் முடியும் இடத்தில் பக்கத்து நிலம் வேகமாக அரிக்கப்படுகிறது.

மணலைப் பிடித்து நிறுத்தக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் தூண்டில் வளைவுகளின் கதையும் இதுவே. இங்கிலாந்தின் ஹோல்டர்னஸ் கரையில் மேப்பிள்டன் என்ற சிற்றூரையும் அதன் சாலையையும் காக்க 1991-இல் இரண்டு கல் வளைவுகளை அமைத்தார்கள். ஊர் தப்பியது. மணல் போய்ச் சேராததால் தெற்கே இருந்த பண்ணை நிலங்களில் அரிப்பு கூடியது. சென்னைத் துறைமுகம் இதைவிடப் பெரிய சான்று: 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலைதடுப்புகள் எழுந்தபின், வடக்கு நோக்கிச் செல்லும் மணல் அவற்றில் தேங்கித் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. ஓரிடத்தில் சேரும் மணல் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டிய மணல். ஆகவே ஊர் எல்லைக்குள் மட்டும் போடப்படும் கரைத் திட்டம் எதுவும் திட்டம் ஆகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கரையை மணல் சுற்றி வரும் எல்லைகளின்படி 11 பெரும் பகுதிகளாகப் பிரித்த பிறகே திட்டமிடுகிறார்கள். நிர்வாக எல்லைகளுக்கு அங்கே இரண்டாம் இடம்தான்.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து

சுவரே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனை, துறைமுகம், நெருக்கமான நகரம் ஆகியவற்றை நகர்த்த முடியாத இடங்களில் சுவர் தேவை. அங்கே கடற்கரையை இழக்கிறோம் என்பதைத் தெரிந்தே இழக்க வேண்டும், அதைத் திட்டத்தில் எழுதவும் வேண்டும்.

12 ஜனவரி

அளவீடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகள் கரைக் குறுக்குவெட்டு அளவீட்டில் வேலை செய்தவன் என்பதால் இதில் சற்று நீளமாகவே எழுதுவேன்.

கரைக்கோடு என்று எதைக் கொள்வது என்பதிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. ஈர மணலும் உலர் மணலும் சந்திக்கும் இடமா, செடிகொடிகள் தொடங்கும் இடமா, செங்குத்து மேட்டின் விளிம்பா? ஈரக்கோடு ஒரே நாளில் ஓதத்தோடு பல மீட்டர் நகரும். செடிக்கோடு மெதுவாக நகர்வதால் நீண்டகாலப் போக்குக்கு நம்பகமானது, ஆனால் புயலுக்குப் பின் அது மீள ஆண்டுகள் ஆகும். எதை எடுத்தாலும் தொடக்கம் முதல் இறுதிவரை அதையே அளக்க வேண்டும்.

இன்னொன்று பருவம். நாங்கள் அளந்த ஒரு மணற்கரை, அலை அதிகமான மாதங்களில் ஒடுங்கியும் அமைதியான மாதங்களில் நன்கு அகன்றும் இருந்தது. பல ஆண்டுகளின் போக்கைக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய நிலையான கரை. ஆனால் ஓர் அலுவலகம், அகன்ற பருவத்தில் எடுத்த பழைய செயற்கைக்கோள் படத்தையும் ஒடுங்கிய பருவத்தில் எடுத்த புதிய படத்தையும் ஒப்பிட்டு, அதைக் கடுமையாக அரிக்கப்படும் கரை என்று வரைபடத்தில் சிவப்பாகக் காட்டியது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது பொய் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அதன் பின்னர் உண்மையாகவே தேய்ந்துகொண்டிருந்த பக்கத்துக் கரையைப் பற்றி நாங்கள் சொன்னதையும் அவர்கள் நம்ப மறுத்தார்கள். அந்த அவநம்பிக்கை நியாயமானது. ஒரு வரைபடத்தின் பிழை, அடுத்த வரைபடத்தின் உண்மையையும் கொன்றுவிடுகிறது.

ஆகவே என் ஆலோசனை: அளவுக்கோல்களைக் கரையிலேயே நட்டு, அங்கே வாழ்பவர்களே ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதத்தில் படிக்கும்படி செய்ய வேண்டும். செயற்கைக்கோள் படங்கள் பரந்த பகுதிக்கு மிகவும் பயனுள்ளவை; 2018-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, மணற்கரைகளில் 24 விழுக்காடு ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் அரிக்கப்படுவதாகவும், 28 விழுக்காடு வளர்வதாகவும், எஞ்சியவை நிலையாக இருப்பதாகவும் காட்டியது அவற்றின் உதவியால்தான். ஆனால் ஒருவர் தம் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற முடிவு, அவர் கையால் தொட்டு அளக்கக்கூடிய ஒன்றின் மேல் நிற்க வேண்டும்.

13 ஜனவரி

28 விழுக்காடு வளர்கிறது என்றால் காலநிலை மாற்றக் கவலை மிகையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. இதுவரை நாம் கண்ட அரிப்பில் பெரும்பகுதிக்கு மணல் வரத்துக் குறைந்ததே காரணம்: அணைகள், ஆற்றுமணல் அள்ளுதல், துறைமுகங்கள். அஸ்வான் உயர் அணைக்குப் பின் நைல் கழிமுகத்தின் ரொசெட்டா முனை வேகமாகத் தேய்ந்தது. மாறாக, அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை அகற்றியபோது, தேங்கியிருந்த வண்டல் இறங்கி வந்து முகத்துவாரக் கரை மீண்டும் வளர்ந்தது. கடல்மட்ட உயர்வு இந்தப் பழைய கணக்கின் மேல் வந்து சேரும் புதிய சுமை. அது இனிமேல்தான் தன் முழு எடையைக் காட்டும்.

16 ஜனவரி

அந்த எடை எவ்வளவு? காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் ஆறாவது மதிப்பீட்டின்படி, உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 1901–1971 காலத்தில் ஆண்டுக்கு 1.3 மி.மீ. ஆக இருந்த வேகம் 2006–2018 காலத்தில் 3.7 மி.மீ. ஆனது. 2100-இல், 1995–2014 நிலையோடு ஒப்பிட, மிகக் குறைந்த பசுங்குடில் வாயு உமிழ்வில் 28 முதல் 55 செ.மீ. வரையும், மிக அதிக உமிழ்வில் 63 செ.மீ. முதல் 1.01 மீட்டர் வரையும் உயர வாய்ப்புள்ளது.

இதைக் கரையின் பின்வாங்கலாக மாற்ற, கரையோரப் பொறியாளர் பெர் புரூன் 1962-இல் முன்வைத்த விதியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி நீர் உயரும் அளவைப்போல் ஏறத்தாழ 50 முதல் 100 மடங்கு கரை பின்வாங்கும். அரை மீட்டர் உயர்வுக்கு 25 முதல் 50 மீட்டர். ஆனால் மணல் பக்கவாட்டில் போவதும் வருவதும் சமம், கீழே பாறை இல்லை, பின்னால் சுவர் இல்லை என்ற நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால்தான் இது செல்லும். அப்படிப்பட்ட கரைகள் குறைவு. 2020-இல் உலகின் மணற்கரைகளில் ஏறக்குறைய பாதி இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் மறையக்கூடும் என்று ஓர் ஆய்வு சொன்னபோது, வேறு ஆய்வாளர்கள் மறுத்ததும் இந்த இடத்தில்தான். பின்னால் இடம் இருந்தால் கடற்கரை அழியாது, உள்நோக்கி நகரும் என்றார்கள் அவர்கள். கட்டடங்கள் நெருங்கி நிற்கும் கரையில் அந்த இடம் இல்லை என்பதே நம் கவலை.

7-ஆம் தேதிக் கணக்கை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 2 மீட்டர் என்ற மாறாத வேகத்தைக் கொண்டு 24 மீட்டர் என்றோம். வேகம் கூடிக்கொண்டே போனால் அதே 12 ஆண்டுகளில் அதைவிட அதிகம் போகும். எனவே அந்தத் தூரத்தை ஒருமுறை எழுதி வைத்துவிட்டுப் போக முடியாது; பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் திருத்தும் கடமையைத் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

17 ஜனவரி

மணல் நிரப்புவது பற்றி: நெதர்லாந்து 1990-இல் தன் கரைக்கோட்டை அந்த ஆண்டின் நிலையிலேயே காப்பது என்று முடிவு செய்து, பின்வாங்கும் இடங்களில் தொடர்ந்து மணல் இடுகிறது. 2011-இல் டெல்ஃப்லாந்து கரையில் 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, காற்றும் அலையும் அதைப் பரப்பட்டும் என்று விட்டது புதுமையான முயற்சி. அது பலன் தந்தது. ஆனால் ஆழமற்ற கடலில் தாராளமான மணல், நிலையான நிதி, ஒரே அதிகாரம் ஆகிய மூன்றும் அங்கே உண்டு. இவை இல்லாத இடத்தில் மணல் நிரப்புவது சில ஆண்டுகளை வாங்கித் தரும். அந்த ஆண்டுகளில் இடம் மாறும் வேலை நடந்தால் அது நல்ல செலவு.

21 ஜனவரி

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. போகும் இடம் ஆயத்தமாக இல்லாமல் ‘போ’ என்று சொல்வதைப் பற்றி.

பிரான்சின் சூலாக் கரையில் ‘லெ சிக்னல்’ என்ற அடுக்ககம் 1960-களில் கடலிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளிக் கட்டப்பட்டது. 2014-இல் ஆபத்து என்று கூறி அதன் 78 குடியிருப்புகளையும் காலி செய்ய வைத்தார்கள். இயற்கைப் பேரிடருக்கான நிதியிலிருந்து இழப்பீடு கேட்டபோது, மணல்மேட்டு அரிப்பு அந்த நிதியின் வரம்புக்குள் வராது என்ற பதில் கிடைத்தது. 2018-இல் அந்நாட்டின் அரசமைப்பு மன்றமும் அந்த விலக்கு அரசமைப்புக்கு முரணல்ல என்றது. உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே சிறப்பு ஏற்பாட்டில் இழப்பீடு வந்தது. கட்டடம் 2023-இல் இடிக்கப்பட்டது. வெளியேற்றும் அதிகாரம் ஒரு சட்டத்தில் இருக்க, ஈடு செய்யும் பொறுப்பு எந்தச் சட்டத்திலும் இல்லாமல் போனதன் விளைவு இது.

இதற்கு மாறாக, இங்கிலாந்தின் ஹேப்பிஸ்பர்க்கில் ஓர் அரசுச் சோதனைத் திட்டத்தின் கீழ், செங்குத்து விளிம்பை நெருங்கிய ஒன்பது வீடுகளை உள்ளாட்சியே வாங்கி இடித்தது. உள்ளே வேறு இடத்தில் மாற்று வீடுகள் கட்டும் அனுமதியை விலைக் கணக்கில் சேர்த்ததால், நாளை விழப்போகும் வீட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டானது. இந்த வழி எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

ஃபிஜியின் வுனிதோகோலோவா ஊர் 2014-இல் சுமார் 2 கி.மீ. உள்ளே தள்ளி மேட்டுக்குச் சென்றது. முடிவை ஊரே எடுத்தது. போன இடமும் அவர்களுடைய சொந்த நிலம். அது ஓரளவு நன்றாக அமைந்ததற்கு முதன்மையான காரணம் இந்த இரண்டுதான் என்று நினைக்கிறேன். ஒடிசாவின் சதபாயாவிலிருந்து பாகபாட்டியாவுக்குக் குடியேற்றப்பட்டவர்களுக்கு வீட்டுமனை கிடைத்தது. ஆனால் பயிரிட நிலமும், பழகிய தொழிலும் கூடவே வரவில்லை. பலர் கூலி தேடி வெளியூர் போனார்கள். வீட்டுமனையோடு நின்றுவிடும் திட்டம் பாதித் திட்டம்.

22 ஜனவரி

நிலப்பட்டா இல்லாதவர்கள் பற்றிக் கேட்டவருக்கு நன்றி. நானே எழுதியிருக்க வேண்டிய பொருள். இழப்பீடு பெரும்பாலும் பத்திரத்தைப் பார்த்து வருகிறது. வாடகைக்கு இருப்பவர், புறம்போக்கில் மூன்று தலைமுறையாக வாழ்பவர், கரையில் படகை ஏற்றி வலை உலர்த்துபவர் ஆகியோரிடம் பத்திரம் இல்லை, ஆனால் இழப்பு மற்றவர்களைவிட அதிகம். மீனவர் வீட்டைக் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்தால், கடலின் நிறத்தையும் காற்றையும் பார்த்துப் புறப்படும் வழக்கமே முறிந்துவிடும். வீடு உள்ளே, படகுத்துறையும் வலைக்கூடமும் கரையில், இரண்டுக்கும் இடையே எப்போதும் மூடப்படாத பொதுவழி என்று பிரித்துத் திட்டமிட வேண்டும். கரையில் நிற்பவை கழற்றி எடுக்கக்கூடியனவாக இருக்கட்டும். காலி செய்த நிலம் பின்னர் வேறு யாருக்கும் கட்டடம் கட்டக் கொடுக்கப்படாது என்பதைச் சட்டப்படி எழுதித் தர வேண்டும். மீனவரை ஆபத்து என்று அகற்றிய இடத்தில் விடுதி எழுந்தால், அடுத்த ஊர் ஒருபோதும் அசையாது, அசையவும் கூடாது.

28 ஜனவரி

கடைசியாக வந்த கேள்வி: மக்கள் போனபின் அந்த இடத்தை என்ன செய்வது? இதற்கு நிதி ஒதுக்கும் திட்டங்களைக் காண்பது மிக அரிது.

கைவிட்ட வீட்டைக் கடல் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், கழிவுநீர்த் தொட்டி, கல்நார்க் கூரை, இரும்புக் கம்பி, மின்வடம் எல்லாம் அலையில் கலக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து பழைய குப்பைக்கிடங்குகள். இங்கிலாந்தில் மட்டும் கரையோர வெள்ள, அரிப்பு அபாயப் பகுதிகளில் 1,200-க்கும் மேற்பட்ட பழைய கிடங்குகள் இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் பெருவெள்ளத்தின்போது ஃபாக்ஸ் ஆறு ஒரு மூடிய குப்பைக்கிடங்கைப் பிளந்தது. குப்பை கடலோரமாக நெடுந்தூரம் பரவி, ராணுவமும் தன்னார்வலர்களும் சேர்ந்து பொறுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே தூரக் கணக்கில் இன்னும் ஒரு படியைச் சேர்க்க வேண்டும். மக்கள் வெளியேறும் தூரத்துக்கு வெகு முன்பே, கரையோரக் குப்பைக்கிடங்கைத் தோண்டி அகற்றும் தூரம் வர வேண்டும், ஏனெனில் அந்த வேலைக்கு வீடு கட்டுவதைவிட அதிகக் காலம் ஆகும். வீடுகளைப் பொறுத்தவரை, முதலில் கழிவுநீர்த் தொட்டிகளைக் காலி செய்து நிரப்ப வேண்டும், பிறகு மின்வடமும் குழாயும், கடைசியாக அடித்தளக் கான்கிரீட். இதற்கான தொகையை வீடு வாங்கும் தொகையோடு சேர்த்தே ஒதுக்கி, வேறு செலவுக்கு எடுக்க முடியாத தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.